கத்தி படும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி

எதிர்வீட்டு ஆச்சியின் கணவருக்கு அறுபது நிறைந்து, சாந்திக் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஆச்சி பெட்டியிலிருந்து கழுத்திரு என்ற கனத்த தங்கத் தாலியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன் நின்று அதை நேராக்கினார். கையை எடுத்ததும் இடப்பக்கம் சரிந்தது. மறுபடி நேராக்கினார், மறுபடியும் சரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோய்க்காக அவருடைய இடது மார்பை முழுதாக எடுத்திருந்தார்கள். பழைய கண்டாங்கிச் சேலையில் கிழித்த துணியை நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் ஊக்குக் குத்தி வைத்திருந்தார். பார்வைக்குப் பரவாயில்லை. ஆனால் துணிக்குக் கனம் கிடையாது. அவ்வளவு தங்கத்தைத் தாங்கி நிறுத்த அதனால் முடியவில்லை.

“ஏன்டி ஆத்தா, இதுக்கு வேற வழி எதுவும் உண்டா? டாக்டர்ட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அவுகளும் ஒண்ணும் சொல்லல” என்றார்.

வழி உண்டு. ஐந்தாறு வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு, முதல் ஆபரேஷன் நடந்த அன்றே ஆச்சியின் கையை விட்டுப் போய்விட்டன. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மார்பை எடுத்த பிறகு அந்த இடத்தில் திரும்ப ஒன்றை அமைத்துத் தருவதை மார்பக மறுசீரமைப்பு என்கிறார்கள். எடுத்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். பிறகும் செய்யலாம்தான். ஆனால் எடுப்பதற்கு முன்பே அதைப் பற்றிப் பேசினால் கிடைக்கும் வழிகள் வேறு, எடுத்த பிறகு பேசினால் மிஞ்சும் வழிகள் வேறு.

நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள் எவ்வளவு பெரியவை! முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். கல்யாணம், படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று எல்லாவற்றையும் கூடி உட்கார்ந்து பேசுகிற வளவில் இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் இடமில்லை. “கட்டி எடுத்திருக்காக” என்பதோடு முடிந்துவிடும். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலகளாவிய கணக்கு சொல்கிறது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையிலிருந்து ஒரு நிலையமே எழுந்தது. நாம் இன்னும் வாய்விட்டுக் கேட்கவே தயங்குகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதைத் தேர்வது என்பதற்கு முன்னால், மார்பை முழுதாக எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டும். கட்டி சிறியதாக, தொடக்க நிலையில் இருந்தால், கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுப்பதே பலருக்குப் போதும். உயிர் பிழைப்பதில் முழுதாக எடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டிவிட்டன. சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அப்புறம் மார்பை எடுக்காமலே முடிக்க முடிகிறது. ஒரே மார்பில் பல இடங்களில் கட்டி இருந்தாலோ, மார்பின் அளவுக்குக் கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, ரேடியேஷன் கொடுக்க முடியாத உடல்நிலை இருந்தாலோ முழுதாக எடுக்க வேண்டி வரும். “முழுசா எடுத்துட்டாத்தான் நிம்மதி” என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள். அந்தச் சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எடுக்கத்தான் வேண்டும் என்று ஆன பிறகு, ஏன் முன்பே பேச வேண்டும்? காரணம் தோல். இலவம்பஞ்சுத் தலையணையை நினைத்துக்கொள்ளுங்கள். உறையை வைத்துக்கொண்டு பஞ்சை மட்டும் எடுத்தால், வேறு எதையாவது நிரப்பிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். உறையையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டால், முதலில் துணி தேட வேண்டும். உள்ளே இருக்கும் திசுவை எடுத்துவிட்டு மார்பின் தோலை மிச்சம் வைக்கும் முறை இருக்கிறது. கட்டி காம்புக்குத் தள்ளி இருந்தால், காம்பையும் சேர்த்துக் காப்பாற்றும் முறையும் உண்டு. அதே ஆபரேஷனில் உள்ளே நிரப்பிவிடுவதை உடனடி மறுசீரமைப்பு என்கிறார்கள். ஆச்சிக்கு உபரித் தோலை எடுத்துத் தட்டையாகத் தைத்துவிட்டார்கள். புற்றுநோய் மருத்துவத்தின்படி அதில் ஒரு தப்பும் இல்லை. கேட்டிருந்தால் வேறு மாதிரி திட்டமிட முடிந்திருக்குமா என்பதுதான் கேள்வி, அந்தக் கேள்வி எழவே இல்லை.

இங்கே இன்னொரு நடைமுறைச் சிக்கல். எடுப்பவர் ஒரு டாக்டர், திரும்ப அமைப்பவர் வேறு டாக்டர். முதலாமவர் புற்றுநோய் அறுவை மருத்துவர், இரண்டாமவர் பிளாஸ்டிக் சர்ஜன். இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் இல்லாத ஊர்களில், முதலாமவர் இந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. நமக்கு மதுரை, திருச்சி, இல்லாவிட்டால் சென்னை என்றுதான் போக்கிடம். எங்கே போனாலும், ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் ஒரு வாக்கியம் கேட்டுவிட வேண்டும்: “பிளாஸ்டிக் சர்ஜனை ஒருதடவை பார்த்துட்டு வரலாமா?” அதற்காக ஒரு வாரம் தள்ளினால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. மார்பு முழுவதும் சிவந்து வீங்கிப் பரவுகிற வகைப் புற்றுநோய் ஒன்று உண்டு. அதற்கு மட்டும் தாமதம் கூடாது, உடனடி மறுசீரமைப்பையும் பொதுவாகச் செய்ய மாட்டார்கள்.

இனி, தேர்வைத் தீர்மானிக்கும் பெரிய விஷயம். நம் ஊரில் கரண்டு வைப்பது என்பார்களே, அந்த ரேடியேஷன். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியிருந்தாலோ, கட்டி பெரிதாக இருந்தாலோ, மார்பை எடுத்த பிறகும் ரேடியேஷன் தேவைப்படும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஐந்து வாரம் வரை போகும். காரைக்குடியிலிருந்து தினமும் போய்வர முடியாமல் மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிச் செய்துகொள்பவர்கள் நிறையப் பேர். இந்த ரேடியேஷன் மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்களை அழிக்கும்போதே தோலையும் சதையையும் விறைக்க வைக்கிறது. ரத்த ஓட்டம் குறைகிறது. அந்தத் தோலுக்கு அடியில், மார்பின் வடிவத்துக்காக இம்பிளான்ட் என்ற சிலிக்கான் பையை வைத்தால் அது இறுகிப்போவதும், தையல் ஆறாமல் போவதும், கிருமி தொற்றுவதும் மற்றவர்களைவிட அதிகம். வேறு இடத்திலிருந்து ரத்தக்குழாயோடு கொண்டுவந்து வைக்கும் சொந்தச் சதை அந்த இடத்தில் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. அதனால் ரேடியேஷன் நிச்சயம் என்று தெரிந்தவர்களுக்கு, அதை முடித்து ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுத்து, அப்புறம் சொந்தச் சதையில் அமைப்பதை நிறைய சர்ஜன்கள் விரும்புகிறார்கள். ரேடியேஷன் தேவைப்படுமா என்று உறுதியாகத் தெரியாத நிலையில், தோலைக் காப்பாற்றி வைக்க ஒரு தற்காலிகப் பையை உள்ளே வைத்துவிட்டு, பரிசோதனை முடிவு வந்த பிறகு மேற்கொண்டு தீர்மானிப்பதும் உண்டு.

சிலிக்கான் முறையைப் பார்ப்போம். சிலிக்கான் இம்பிளான்ட் முதன்முதலில் 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது. தோல் போதுமான அளவு இருந்தால் நேராக இம்பிளான்டையே வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் முதலில் எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையை வைத்து, தோலுக்கு வெளியிலிருந்தே ஊசி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரிப்பார்கள். சில மாதங்களில் அதை எடுத்துவிட்டு நிரந்தர இம்பிளான்டை வைப்பார்கள். ஆபரேஷன் நேரம் குறைவு, உடம்பில் வேறு இடத்தில் தழும்பு கிடையாது, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் நம் ஊரில் இருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ நீர் ஏற்றிக்கொள்ளப் போக வேண்டும். மதுரைக்குத் திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு, அதுவும் புதிதாக இழுபடுகிற தோலோடு. கூட ஓர் ஆள் வேண்டும், அவருக்கு ஒரு நாள் கூலி போகும். இதை எந்த டாக்டரும் செலவுக் கணக்கில் சொல்ல மாட்டார். நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

இம்பிளான்ட் ஆயுள் முழுக்க வருவதும் இல்லை. பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டிவரலாம், முன்னேயும் வரலாம். அதைச் சுற்றி உடம்பு ஓர் உறை கட்டிக்கொள்கிறது. அது எல்லோருக்கும் நடப்பதுதான். சிலருக்கு அந்த உறை இறுகி, கல்லைப்போல் கெட்டியாகி வலிக்கும். உள்ளே சத்தமில்லாமல் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, வைத்த ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கேனும், அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறு ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. 1992இல் சிலிக்கான் இம்பிளான்ட் பயன்பாட்டைப் பெருமளவு நிறுத்தி வைத்து, ஆய்வுகளுக்குப் பிறகு 2006இல் மறுபடி அனுமதித்ததும் அதே அமைப்புதான். 2019இல் இன்னொன்று நடந்தது. மேற்பரப்பு சொரசொரப்பான சில வகை இம்பிளான்ட்களைச் சுற்றி, அரிதாக ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரிந்து, அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. இது அரிது, சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்களுக்கு வைப்பது எந்தக் கம்பெனியுடையது, மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்று கேளுங்கள். அதனுடன் தரும் அட்டையை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பல வருடம் கழித்து அந்தப் பக்கம் திடீரென்று வீங்கினால் அந்த அட்டை தேவைப்படும்.

சொந்தச் சதையில் செய்வது என்றால் முதுகு அல்லது வயிறு. தொடையிலிருந்து எடுப்பதும் உண்டு, அது குறைவு.

முதுகிலிருந்து எடுப்பது பழைய முறை. 1906இலேயே இத்தாலியில் டான்சினி என்ற சர்ஜன் செய்து எழுதிவைத்தார். பிறகு மறந்துபோய் 1970களில் திரும்ப வந்தது. தோள்பட்டை எலும்புக்குக் கீழே அகலமாகப் படர்ந்திருக்கும் தசையை, அதன் ரத்தக்குழாயை அறுக்காமல், அக்குள் வழியாக முன்பக்கம் திருப்பிக் கொண்டுவருவார்கள். ரத்தக்குழாயை வெட்டி ஒட்டும் வேலை இல்லாததால் நம்பகமானது, நுண்ணோக்கி வசதி இல்லாத இடத்திலும் செய்யலாம். ஆனால் முதுகில் அவ்வளவு சதை இருக்காது. பெரிய மார்பு என்றால் கூடவே சிறிய இம்பிளான்ட் வைக்க வேண்டி வரும். முதுகில் நீர் கோத்துக்கொண்டு ஊசியால் எடுக்க வேண்டி வருவது சகஜம். தழும்பை எங்கே வைக்கப்போகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். நாம் போடும் ஜாக்கெட்டின் முதுகு எவ்வளவு இறங்கும் என்பதை ஒரு ஜாக்கெட்டைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டினால் போதும், சர்ஜன் அதற்குள் அடங்கும்படி கோடு போட்டுவிடுவார். கையின் பலம் கொஞ்சம் குறையும். சாதாரண வேலைகளில் பெரிதாகத் தெரியாது. கிணற்றில் இறைப்பவர்களும், தறியில் கை வீசி வேலை செய்பவர்களும் இதை டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும். காரைக்குடியில் கண்டாங்கி நெய்கிற வீட்டுப் பெண்களுக்குத் தோள்தான் முதலீடு.

வயிற்றிலிருந்து எடுப்பதில் இரண்டு வகை. 1982இல் ஹார்ட்ராம்ப் என்ற அமெரிக்க சர்ஜன் பரவலாக்கியது, அடிவயிற்றுக் கொழுப்பையும் தோலையும் வயிற்றுத் தசையோடு சேர்த்து மேலே கொண்டுவருவது. அதில் வயிற்றுச் சுவர் பலவீனமாகிக் குடலிறக்கம் வரும் வாய்ப்பு உண்டு. 1990களில் வந்த அடுத்த முறை தசையை விட்டுவிட்டு, தசையைத் துளைத்து வரும் மெல்லிய ரத்தக்குழாய்களோடு தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுப்பது. டீப் ஃபிளாப் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அந்தக் குழாய்களை மார்புப் பகுதியில் உள்ள குழாயோடு நுண்ணோக்கி வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய நூலில் தைப்பார்கள். ஆறேழு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் இரண்டு மூன்று நாள், தூக்கத்திலும் விழிப்பிலும் மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து அந்தத் தோலின் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார். ரத்தக்குழாய் அடைத்தால் உடனே திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். பழகிய கைகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்துவிடுகிறது. பழகிய கை என்பதுதான் முக்கியம். இதை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இதன் அருமை, அது நம்முடைய சதை என்பதுதான். கையை வைத்தால் உடம்புச் சூடு இருக்கும். நாம் குண்டானால் அதுவும் குண்டாகும், இளைத்தால் இளைக்கும், வயதானால் மற்றதைப்போலவே கொஞ்சம் இறங்கும். பத்து வருடம் கழித்து மாற்ற வேண்டியதில்லை. ஒரேயொரு தடவைதான் வயிற்றிலிருந்து எடுக்க முடியும். மிகவும் ஒல்லியானவர்களுக்குப் போதுமான சதை இருக்காது. சிசேரியன் தழும்பு படுக்கைவாட்டில் இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. தொப்புளுக்கு மேலும் கீழுமாக நெடுக்குவாட்டில் பெரிய தழும்பு இருந்தால் சொல்லிவிட வேண்டும். தசையை விட்டு எடுத்தாலும் அடிவயிற்றில் இடுப்பிலிருந்து இடுப்பு வரை தழும்பு வரும். முதல் சில வாரம் நிமிர்ந்து நடக்கவே முடியாது, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட முடியாது. விடியற்காலையில் குனிந்து கோலம் போடுவதை இரண்டு மாதத்துக்கு மறந்துவிட வேண்டியதுதான்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு எந்த முறையிலும் புண் ஆறுவது சிரமம் என்பதால், அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் கை வைப்பார்கள். புகையிலையும் அப்படியே. நம் பெண்கள் பீடி, சிகரெட் கிடையாது என்று தைரியமாகச் சொல்லிவிடுவார்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையைச் சொல்ல மாட்டார்கள். நிகோடின் எந்த வழியில் போனாலும் ரத்தக்குழாயைச் சுருக்கும். தைத்த மெல்லிய குழாய்க்கு அது எதிரி. குறைந்தது நான்கு வாரத்துக்கு முன் நிறுத்தியாக வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

மறுசீரமைப்பு செய்தால் நோய் திரும்ப வரும், வந்தாலும் மறைந்துகொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. நோய் திரும்புவதை அது கூட்டுவதில்லை, கண்டுபிடிப்பதையும் பெரிதாகத் தாமதப்படுத்துவதில்லை. கீமோ தள்ளிப்போகும் அளவுக்குப் புண் சிக்கலாவதுதான் உண்மையான கவலை. உடனடியாகப் பெரிய ஆபரேஷன் வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். காம்பு அமைப்பது, பச்சை குத்தி நிறம் கொடுப்பது, மற்ற மார்பை இதற்கு ஈடாகச் சிறிதாக்குவது எல்லாம் பிறகு நடக்கும் சின்ன வேலைகள்.

எந்த முறையிலும் திரும்ப வராத ஒன்று உணர்ச்சி. வடிவம் வரும், தொடுகை முழுதாக வராது. மறுசீரமைப்பு செய்யாமல் தட்டையாக இருப்பவர்களுக்கும் அப்படித்தான். ஆச்சிக்குத் தோள் வலிக்கிறது என்று மருமகள் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். தோளிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கித் தழும்புப் பக்கமும் வைத்திருக்கிறார். “சூடா இருக்கா அத்தை?” என்று கேட்டபோது ஆச்சி “இல்லையே” என்றார். அடுத்த நாள் காலையில் ஜாக்கெட்டைக் கழற்றினால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். அந்த இடம் சூட்டைச் சொல்லாது. வெந்நீர்ப் பை, ஒத்தடம், தைலம் தேய்த்துச் சூடு காட்டுவது எதுவும் அங்கே கூடாது. அக்குளில் முடிச்சுகளை எடுத்திருந்தால் கை வீக்கமும் வரலாம். வளையல் திடீரென்று இறுகுவதுதான் பலருக்கு முதல் அறிகுறி. சோப்புப் போட்டு வளையலைக் கழற்றிவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு முழுத் தேர்வு. அதைத் தோல்வியாகப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், உடம்பு இப்படியே இருக்கட்டும் என்று நிதானமாக முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும். அப்படி முடிவெடுத்தால் அதையும் முன்பே சொல்ல வேண்டும். பிற்பாடு தேவைப்படலாம் என்று தோலைத் தொளதொளவென்று விட்டுத் தைத்தால், அக்குள் பக்கம் மடிப்பு விழுந்து காலம் முழுக்க உறுத்தும். “தட்டையா, மடிப்பில்லாமத் தைச்சுக் குடுங்க” என்று கேட்பது உங்கள் உரிமை. எனக்குக் கோபம் வருவது இன்னொரு இடத்தில். “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்று ஐம்பத்தேழு வயதுக்காரரைப் பார்த்து மற்றவர்கள் முடிவெடுத்துவிடுகிறார்களே, அங்கே. வயது மட்டும் ஒரு தடையில்லை. இதயமும் சர்க்கரையும் ஒத்துழைத்தால் அறுபதிலும் செய்கிறார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே காப்பீட்டில் வராது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விதியில், அழகுக்கான அறுவையை விலக்கும் அதே வாக்கியத்திலேயே, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் மறுசீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று இருக்கிறது. முகவர் முடியாது என்றால் அந்த வரியை எடுத்துக் காட்டுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆபரேஷன் அதில் எந்தத் தலைப்பில் வருகிறது என்று, சேர்வதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் உள்ள திட்ட அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆச்சியின் கதைக்கு வருகிறேன். சாந்திக்குப் பத்து நாள்தானே இருந்தது. தையல்காரரை வரச்சொல்லி ஜாக்கெட்டின் உள்பக்கம் மல் துணியில் ஒரு பை வைத்துத் தைத்தோம். பஞ்சு அடைத்துப் பார்த்தால் மேலே ஏறியது. அப்புறம் ஆச்சியே சொன்னார், கடுகு போடலாமே என்று. சின்னத் துணிப்பையில் கடுகை நிரப்பி, கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் போட்டு, நின்று பார்த்து, குனிந்து பார்த்து, கடைசியில் முந்நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே சரியாக வந்தது. கழுத்திரு நடுவில் நின்றது. ஆச்சி கையைக் கொஞ்ச நேரம் அதன் மேலேயே வைத்திருந்தார்.

அது அவசரத்துக்குச் செய்தது. புண் நன்றாக ஆறியிருந்ததால் செய்தோம். பச்சைப் புண்ணின் மேல் இப்படி எதையும் வைக்கக் கூடாது, துவைக்க முடியாததால் நாள்பட வைத்துக்கொள்ளவும் கூடாது. சாந்தி முடிந்த பிறகு மதுரையில் சிலிக்கானில் செய்த செயற்கை மார்பும், அதை வைக்க உள்பை உள்ள பிராவும் வாங்கினார்கள். அளவு மட்டும் பார்த்தால் போதாது, எடையும் பார்த்து வாங்க வேண்டும். ஒரு பக்கம் கனம் குறைந்தால் நாளடைவில் தோள் ஏறி, கழுத்தும் முதுகும் வலிக்கும். ஆபரேஷன் ஆன முதல் ஆறேழு வாரத்துக்குப் பஞ்சு வைத்த லேசான ஒன்றையும், அப்புறம் எடையுள்ளதையும் போடலாம். பருத்தி நூலில் பின்னியதும் கிடைக்கிறது, நம் வெயிலுக்கு அது சுகம். சிலிக்கானைத் தினமும் கழுவித் துடைக்க வேண்டும். சேலை முந்தானைக்குக் குத்தும் ஊக்கு அதில் பட்டால் ஓட்டை விழுந்துவிடும். ஆச்சி இப்போது ஊக்கைத் தோளிலேயே குத்திக்கொள்கிறார். மறுசீரமைப்பு வேண்டுமா என்று பிளாஸ்டிக் சர்ஜனையும் ஒரு தடவை போய்ப் பார்த்தார். எல்லாம் கேட்டுவிட்டு, “எனக்கு இது போதும்டி ஆத்தா” என்றார். கேட்ட பிறகு சொன்ன ‘போதும்’ அது.

தேவகோட்டையில் இருக்கும் என் சித்தி மகள் விஷயம் வேறு. முப்பத்தொன்பது வயது, பள்ளிக்கூட டீச்சர். வலது மார்பு. கீமோ முதலில், அக்குளிலும் பரவியிருந்ததால் ரேடியேஷன் வேண்டும் என்று முன்பே தெரிந்துவிட்டது. இந்தத் தடவை கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டோம். இப்போது தட்டையாக மூடிவிடுவது, ரேடியேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்துச் செய்வது என்று இரண்டு டாக்டர்களும் சேர்ந்து சொன்னார்கள். ரேடியேஷன் பங்குனியில் முடிந்தது. முதுகா வயிறா என்று யோசித்தாள். வலது கையைத் தூக்கி நாள் முழுக்கப் போர்டில் எழுதுகிறவள் என்பதால் முதுகை வேண்டாம் என்று வைத்தாள். இரண்டு சிசேரியன் ஆன வயிறு, தழும்பு படுக்கைவாட்டில்தான் இருக்கிறது. ரத்தக்குழாய்கள் எப்படிப் போகின்றன என்று பார்க்க சிடி ஸ்கேன் எடுத்தாயிற்று, நன்றாக இருக்கிறதாம்.

போன வாரம் சர்ஜனைப் பார்க்கப் போனபோது பிள்ளையின் பழைய நோட்டில் கடைசிப் பக்கத்தில் பதினோரு கேள்வி எழுதிக்கொண்டு வந்தாள். எத்தனை மணி நேரம், எத்தனை நாள் படுக்கை, ரத்தம் ஏற்ற வேண்டுமா, மாத்திரையில் எதை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலைப் பக்கத்திலேயே பென்சிலில் குறித்துக்கொண்டாள். கடைசிக் கேள்வி: “தண்ணிக் குடம் எப்ப தூக்கலாம் சார்?”

டாக்டர் சிரிக்கவில்லை. குடம் பித்தளையா பிளாஸ்டிக்கா என்று கேட்டார். பிளாஸ்டிக் என்றாள். எட்டு வாரம் கழித்து, முதலில் பாதிக் குடம் என்றார். அதையும் எழுதிக்கொண்டாள்.